உடற்கல்வி, விளையாட்டுத் துறைகளில் முதுநிலைப் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர், உடற்தகுதிப் பயிற்சியாளர், விளையாட்டு உடலியங்கியல் வல்லுநர், விளையாட்டு உளவியலர், விளையாட்டு நிர்வாகி என்று இந்தத் துறையில் வேலைகள் பல. ஒன்றில் முதுநிலைப் பட்டம் இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது. இன்னொன்றில் அது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பிறகும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

முதுநிலைப் பட்டத்தின் பங்கு மாறிவிட்டது என்கிறார்கள். அப்படி என்ன மாறியது?

அந்தப் பட்டம் யாருக்காக என்பதே மாறியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி போன்ற இடங்களில் உடற்கல்வி முதுநிலை வளர்ந்தபோது, அதைப் படிக்க வந்தவர்களில் பலர் ஏற்கெனவே ஆசிரியர்கள். முடித்ததும் துறைத் தலைவராகவோ, புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவராகவோ போவார்கள். இளநிலையில் படித்ததையே இன்னும் கொஞ்சம் விரித்துப் படிப்பதாகவே பாடத்திட்டம் பல இடங்களில் இருந்தது.

1963இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், அமெரிக்க ஆசிரியர் கல்வியை ஆராய்ந்து எழுதியபோது உடற்கல்வியின் முதுநிலைப் படிப்புகளைக் கடுமையாகச் சாடினார். அவற்றை நிறுத்திவிடலாம் என்றே சொன்னார். மறு ஆண்டே, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த பிராங்க்ளின் ஹென்றி, உடற்கல்வி தனக்கென அறிவுத்தொகுதி கொண்ட ஒரு கல்வித்துறை என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹார்வர்டு களைப்பு ஆய்வகம் உடற்பயிற்சி உடலியங்கியலுக்கு முன்பே அடித்தளம் போட்டிருந்தது. 1964க்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ் (உடலசைவின் இயக்கவியல்), இயக்கக் கற்றல், விளையாட்டு உளவியல், விளையாட்டுச் சமூகவியல் என்று உட்பிரிவுகளாகப் பிரிந்துகொண்டன.

துறைக்கு மரியாதை வந்தது. கூடவே ஒரு நட்டமும் வந்தது. ஆக்சிஜன் உள்ளெடுப்பை ஆய்வகத்தில் துல்லியமாக அளக்கத் தெரிந்த மாணவருக்கு, 40 பிள்ளைகளை வைத்து ஒரு வகுப்பை நடத்தத் தெரியவில்லை. இப்போது நடப்பது அதைச் சரிசெய்யும் முயற்சி. ஆய்வறிவைக் கைவிடாமல், மேற்பார்வையோடு செய்யும் களப்பணியைப் படிப்பின் நடுவில் வைக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லும் எல்லாமே இரண்டு அளவுகோல்களைச் சுற்றித்தான் வரும்: அந்தப் படிப்பில் மேற்பார்வையோடு செய்யும் வேலை எத்தனை மணி நேரம்? கைக்கு வரும் ஓர் எண்ணை நம்பலாமா, கூடாதா என்று முடிவெடுக்க அது கற்றுத்தருகிறதா?

பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஆக முதுநிலை கட்டாயமா?

நாட்டைப் பொறுத்தது. பின்லாந்தில் பள்ளிப் பாட ஆசிரியர்களுக்கு முதுநிலை வேண்டும். அங்கே உடற்கல்வி ஆசிரியர்கள் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் இளநிலைக்கு 180, முதுநிலைக்கு 120 என மொத்தம் 300 ஐரோப்பிய கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) படித்து வருகிறார்கள். போர்ச்சுகல் 2007இல் எல்லா ஆசிரியர்களுக்கும் முதுநிலையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பட்டப்படிப்புக்குப் பின் 2 ஆண்டு பி.பி.எட். (உடற்கல்வியில் இளநிலை), அதற்கு மேல் 2 ஆண்டு எம்.பி.எட். (உடற்கல்வியில் முதுநிலை) என்ற அடுக்கு உள்ளது. கல்லூரியில் கற்பிக்க முதுநிலையோடு தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ தேவைப்படும்.

பிரான்சின் கதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2010 சீர்திருத்தத்தில் ஆசிரியர் பணிக்கு முதுநிலை கட்டாயமானது. 2026 முதல் ஆசிரியர் தேர்வுக்கான போட்டித் தேர்வை இளநிலையின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்று மாற்றினார்கள். தேர்ச்சி பெற்றவர் ஊதியம் வாங்கிக்கொண்டே 2 ஆண்டு முதுநிலையை முடிப்பார். முதுநிலை அங்கேயே இருக்கிறது, ஆனால் வேலைக்கு முன் தாண்டவேண்டிய தடையாக இருந்தது, வேலைக்குள் நடக்கும் பயிற்சியாகிவிட்டது. கைக்காசைச் செலவழித்து ஐந்து வருடம் படித்துவிட்டுத் தேர்வில் தோற்கும் மாணவர்களை நினைத்தால் இது நல்ல மாற்றம்.

பயிற்றுநர் உரிமம் கையில் இருக்கிறது. முதுநிலை அதற்கு ஈடாகுமா?

ஆகாது. உரிமம் முதுநிலைக்கும் ஈடாகாது. கால்பந்தில் ஐரோப்பியக் கூட்டமைப்பான யுயெஃபாவின் பி, ஏ, புரோ என்ற உரிமங்கள் எந்தப் போட்டியில் எந்த நிலையில் பயிற்றுநராக இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. விளையாட்டு அறிவியலில் முதுநிலை வைத்திருப்பவர் அந்த உரிமம் இல்லாமல் தலைமைப் பயிற்றுநர் ஆக முடியாது. பட்டம் இருப்பதாலேயே உரிமப் படிப்பில் விலக்கு கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்து ஏமாறுபவர்கள் உண்டு. அந்தந்த விளையாட்டின் கூட்டமைப்பிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலுதவி, இதய உயிர்ப்பிப்புச் சான்றிதழும் அப்படித்தான். காலாவதியானால் பட்டம் உதவாது.

முதுநிலை இருந்தால்தான் நுழைய முடியும் என்ற வேலைகள் எவை?

சில தெளிவான உதாரணங்கள். அமெரிக்காவில் விளையாட்டுக் காயப் பராமரிப்பாளர் (அத்லெடிக் டிரெய்னர்) ஆவதற்கான நுழைவுப் படிப்பை முதுநிலைக்கு உயர்த்த 2015இல் முடிவெடுத்தார்கள். 2022 இலையுதிர்ப் பருவத்துக்குப் பிறகு இளநிலைப் படிப்புகளில் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட பயன்பாட்டு விளையாட்டு உளவியல் சங்கத்தின் மனத்திறன் ஆலோசகர் சான்றிதழுக்கு முதுநிலை அல்லது முனைவர் பட்டமும், வழிகாட்டியின் கீழ் 400 மணி நேரப் பணியும் வேண்டும்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பின் மருத்துவ உடற்பயிற்சி உடலியங்கியலர் சான்றிதழில் இரண்டு வழிகள் உண்டு. அதே துறையில் முதுநிலை வைத்திருந்தால் 600 மணி நேர மருத்துவக் களப்பணி போதும். உடற்பயிற்சி அறிவியலில் இளநிலை மட்டும் என்றால் 1,200 மணி. இளநிலையோடு நின்றவருக்கும் கதவு மூடவில்லை, நோயாளிகளோடு இருமடங்கு நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வலிமைப் பயிற்சியாளர்களுக்கான சிஎஸ்சிஎஸ் சான்றிதழுக்கு இளநிலையே போதும். ஆனால் 2030 முதல் அந்த இளநிலை, அங்கீகரிக்கப்பட்ட வலிமைப் பயிற்சிப் பாடத்திட்டத்தில் படித்ததாக இருக்க வேண்டும் என்று சான்றளிக்கும் அமைப்பு அறிவித்திருக்கிறது. வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிட வேண்டிய இடம் இது. எந்த முதுநிலையில் சேர்வதாக இருந்தாலும், அது எந்தச் சான்றிதழுக்கு வழிவிடும் என்று முதலில் பாருங்கள். சான்றளிக்கும் அமைப்பின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்பதைத் துறையின் விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆய்வு முதுநிலை, தொழில் முதுநிலை என்று பிரிக்கிறார்கள். பெயரை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. பெயர் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருப்பது சாதாரணம். கிரெடிட் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 1 கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 120 கிரெடிட் படிப்பு என்றால் 3,000 முதல் 3,600 மணி. அதில் ஆய்வேட்டுக்கு 30 கிரெடிட் ஒதுக்கியிருந்தால் 750 முதல் 900 மணி நேரம் அதற்குப் போகும். களப்பணிக்கு 6 கிரெடிட்தான் என்றால் 150 முதல் 180 மணி. பள்ளியிலோ அணியிலோ வேலை செய்ய விரும்புபவருக்கு இது குறைவு. முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு நேர்மாறு: ஆய்வேடு இல்லாமல் வெறும் திட்ட அறிக்கையோடு முடியும் படிப்பு பின்னால் தடையாகலாம்.

கிரெடிட் முறை வேறாக இருக்கும் நாடுகளிலும் இதே கணக்கைப் போடலாம். ஒரு செமஸ்டரில் வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, எத்தனை மணி ஆய்வகம், எத்தனை மணி களம் என்று வாரங்களால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

களப்பயிற்சி நன்றாக நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

மோசமான களப்பயிற்சியை அடையாளம் காண்பது சுலபம். மாணவர் கூம்புகளை அடுக்குவார், தண்ணீர்ப் புட்டிகளைச் சுமப்பார், வருகைப் பதிவு எடுப்பார், பதிவேட்டில் 200 மணி நேரம் என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு போவார். கற்றது எதுவும் இருக்காது. களமும் துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததுதான் காரணம். யார் மேற்பார்வையிடுவது, மாணவர் எதைத் தனியாகச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது.

நல்ல களப்பயிற்சியில் மாணவரின் பொறுப்பு படிப்படியாகக் கூடும். முதல் சில வாரங்கள் கவனித்தல், பிறகு வகுப்பின் ஒரு பகுதியை நடத்துதல், பிறகு முழு வகுப்பு, கடைசியில் ஒரு முழுப் பாட அலகைத் திட்டமிட்டு நடத்தி மதிப்பிடுதல். வாரம் ஒரு மணி நேரமாவது மேற்பார்வையாளர் உட்கார்ந்து பேச வேண்டும். பேசுவதற்குக் கையில் ஆதாரம் வேண்டும், அதற்கு வகுப்பை வீடியோ எடுப்பதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை. பிள்ளைகளைப் படமெடுப்பதால் பள்ளி, பெற்றோர் அனுமதி முன்கூட்டியே தேவை.

அந்த வீடியோவில் என்ன பார்ப்பது? ஒரு பிள்ளையைத் தேர்ந்து, 10 விநாடிக்கு ஒருமுறை அவள் என்ன செய்கிறாள் என்று குறியுங்கள்: இயங்குகிறாளா, கேட்கிறாளா, காத்திருக்கிறாளா. 40 நிமிட வகுப்பில் வருகைப் பதிவுக்கு 6, விளக்கத்துக்கு 10, வரிசையில் காத்திருக்க 8 நிமிடம் போனால் மிஞ்சுவது 16 நிமிடம், அதாவது 40%. வகுப்பு நேரத்தில் பாதியாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கமாக இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. எங்கே நேரம் கசிகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் வரிசையில்தான். 20 பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கு 15 விநாடி பந்தைத் தொட்டால், ஒரு சுற்றுக்கு 5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு பிள்ளையும் 4 நிமிடம் 45 விநாடி சும்மா நிற்கிறது. அதையே ஐவர் கொண்ட 4 வரிசையாக்கினால் காத்திருப்பு 1 நிமிடம். இதைப் பாடநூலில் படிப்பதற்கும், தான் நடத்திய வகுப்பில் தானே எண்ணிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. அடுத்த வாரமே வகுப்பு மாறிவிடும்.

நான் பயிற்றுநர். எனக்கு இவ்வளவு புள்ளியியல் எதற்கு?

முதுநிலையில் மாணவர்கள் அதிகம் வெறுக்கும் பாடம் இது. பின்னாளில் அதிகம் கைகொடுப்பதும் இதுதான். ஓர் உதாரணத்தைப் பொறுமையாகப் பாருங்கள்.

அணியில் எல்லோரையும் நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்கச் சொல்லி அளக்கிறீர்கள். வீரர்களுக்கிடையே குதி உயரத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்) 5 செ.மீ. பொருட்படுத்தத் தக்க மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு என்பதற்கு வழக்கமான கணக்கு, அந்த விலக்கத்தின் 0.2 மடங்கு. ஆக 1 செ.மீ. அடுத்து, ஒரே வீரர் எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி குதித்தாலே அளவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவைப் பிழை 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பிழை √2 மடங்காகும், அதாவது 2.1 செ.மீ.

இப்போது ஒரு வீரர் 38இலிருந்து 39.5க்கு ஏறியிருக்கிறார். பயிற்சி பலித்துவிட்டது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. 1.5 செ.மீ. ஏற்றம் 2.1 செ.மீ. பிழைக்குள் மறைந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் 4 குதிகளின் சராசரியை எடுத்தால் அளவைப் பிழை பாதியாகி 0.75 ஆகும், வித்தியாசத்தில் சுமார் 1.1. அப்போது ஓரளவு பேச முடியும். ஆனாலும் ஓர் எச்சரிக்கை: ஒரே நாளில் பல முறை குதித்துச் சராசரி எடுப்பது அந்த நாளுக்குள் இருக்கும் ஆட்டத்தைத்தான் குறைக்கும். தூக்கம், களைப்பு, வெப்பம் என்று நாளுக்கு நாள் வரும் வேறுபாடு அப்படியே இருக்கும்.

விளையாட்டு உலகில் ஒரு எண் எப்படி நாகரிகமாகிவிடும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரர் 10க்குத் தரும் மதிப்பெண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் பயிற்சிச் சுமை கிடைக்கும்: 6 மதிப்பெண், 60 நிமிடம் என்றால் 360. இந்த வாரச் சுமையைக் கடந்த 4 வாரச் சராசரியால் வகுத்து, விடை 0.8 முதல் 1.3க்குள் இருந்தால் காயம் குறைவு என்று பல அணிகள் பின்பற்றின. கணக்கைக் கூர்ந்து பார்த்தால், வகுக்கும் எண்ணுக்குள்ளேயே இந்த வாரமும் இருக்கிறது. முந்தைய 3 வாரமும் வீரர் படுத்தே இருந்து, இந்த வாரம் எவ்வளவு ஓடினாலும் விகிதம் 4ஐத் தாண்டவே தாண்டாது. மேலும் இப்படி அமைந்த விகிதமே, உண்மையில் இல்லாத தொடர்பை இருப்பதுபோல் காட்டிவிடும் என்று ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் பலர் பின்வாங்கினார்கள். சுமையைப் பதிவு செய்வது பயனுள்ள பழக்கம். அந்த ஒரு விகிதத்தை நம்பி ஒருவரை ஆட்டத்திலிருந்து உட்காரவைப்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் திறமையைத்தான் முதுநிலை தர வேண்டும்.

ஆய்வேட்டில் மாணவர்கள் எங்கே அதிகம் தவறுகிறார்கள்?

“12 வாரப் பயிற்சியின் விளைவு” என்ற வகைத் தலைப்புகளில். தலைப்பில் தவறில்லை. 15 பேர் சோதனைக் குழு, 15 பேர் கட்டுப்பாட்டுக் குழு (அந்தப் பயிற்சி பெறாமல் ஒப்பீட்டுக்காக இருப்பவர்கள்) என்ற வார்ப்பில்தான் தவறு. பயிற்சியின் விளைவு நடுத்தரமானது, அதாவது அரை திட்ட விலக்க அளவு என்றால், அதை 80% உறுதியோடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 15 பேரை வைத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஆண்டு முழுக்க உழைத்துவிட்டு “மாற்றமில்லை” என்று எழுத நேரும். அல்லது 12 மாறிகளை அளந்து, தற்செயலாகப் பலித்த ஒன்றைப் பெரிதாக்க வேண்டிய நிலை வரும். இரண்டுமே வருத்தமானவை. ஆள் கிடைக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள். அளவைப் பிழை ஆய்வு, கவனிப்பு ஆய்வு, சிலரிடம் ஆழமாகப் பேசும் நேர்காணல் ஆய்வு ஆகியவை ஒருவரால் நேர்மையாக முடிக்கக் கூடியவை.

பள்ளிகளில் செய்யும் ஆய்வுகளில் இன்னொரு பொறி உண்டு. 30 பேர் கொண்ட 4 வகுப்புகள் என்றால் 120 பேர் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியர், ஒரே மைதானம், ஒரே நேரம் என்பதால் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். ஒரு வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஒற்றுமைக் கெழு 0.05 என்ற சிறிய அளவே என்றாலும் 1 + 29 × 0.05 = 2.45. 120ஐ அதனால் வகுத்தால் 49. அந்த 120 பேர் தரும் தகவல் 49 தனி ஆட்கள் தரும் அளவுதான். இரண்டே வகுப்புகளை எடுத்து ஒன்றுக்குப் புதிய முறை, மற்றொன்றுக்குப் பழைய முறை என்று செய்தால், வேறுபாடு முறையால் வந்ததா ஆசிரியரால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

மற்றவை சுருக்கமாக: சோதனைக் குழுவின் முன்பின் வித்தியாசம் தனியாக, கட்டுப்பாட்டுக் குழுவுடையது தனியாகச் சோதித்து ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். இரு குழுக்களையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும், தொடக்க அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். யார் எத்தனை பயிற்சிக்கு வந்தார்கள் என்ற பதிவு இல்லாத பயிற்சி ஆய்வை யாரும் நம்பத் தேவையில்லை.

நாள்காட்டியைப் பின்னிருந்து முன்னால் போடுங்கள். எழுத 6 வாரம், பகுப்பாய்வுக்கு 6, பயிற்சிக்கு 12, முன்பின் சோதனைகளுக்கு 2, நெறிமுறைக் குழு அனுமதிக்கு 8 என்று வைத்தாலே 34 வாரம். 4 செமஸ்டர் படிப்பில் இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் தலைப்பு உறுதியாகாவிட்டால் பள்ளித் தேர்வுக் காலத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கள் அணி வீரர்களையே வைத்து ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நீங்களே அவர்களைத் தேர்வுசெய்யும் பயிற்றுநர் என்றால் அவர்கள் “விருப்பமில்லை” என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்கள். சம்மதம் கேட்பதை வேறொருவரிடம் விடுங்கள். யார் மறுத்தார்கள் என்பது ஆய்வு முடியும்வரை உங்களுக்குத் தெரியக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தகவல் திரட்டிய பிறகு அனுமதிக்கு விண்ணப்பிப்பது திருத்த முடியாத தவறு.

ஆன்லைன் முதுநிலை போதுமா?

விளையாட்டு மேலாண்மை, சட்டம், புள்ளியியல், ஊட்டச்சத்துக் கோட்பாடு போன்றவற்றுக்குப் போதும். உடலைத் தொட்டு, பார்த்து, அளந்து கற்க வேண்டியவற்றுக்குப் போதாது. தோல்மடிப்பைப் பிடித்துக் கொழுப்பை அளக்கும் கையைத் திரையில் பழக்க முடியாது: தோலைப் பிடிக்கும் இடம் 1 செ.மீ. நகர்ந்தாலே அளவு மாறிவிடும். கலப்பு முறைப் படிப்பு என்றால், நேரில் வரவேண்டிய நாள்கள் எத்தனை, அந்த நாள்களில் ஒரு கருவிக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள்.

சிறு சான்றிதழ் படிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால் முதுநிலை தேவைப்படாதே?

ஒரு கருவியைக் கற்க அவை சிறந்தவை, மலிவானவை, வேகமானவை. ஜிபிஎஸ் தரவைப் படிப்பது, வீடியோ பகுப்பாய்வு மென்பொருள் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டு செலவிடத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இத்தகைய சிறு தகுதிகளுக்குப் பொது வரையறை தந்து பரிந்துரைத்தது. அவற்றை முதுநிலையின் கிரெடிட்டாக ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் பத்துச் சான்றிதழ்கள் பத்துப் பேரிடம் படித்தவை. ஒரே வழிகாட்டி உங்கள் வேலையைத் தொடர்ந்து பார்த்து, “போன மாதம் செய்த அதே தவறு” என்று சொல்லும் வாய்ப்பு அவற்றில் வராது.

இளநிலை முடித்தவுடன் சேர்வதா, வேலை பார்த்துவிட்டா?

ஆசிரியராகவோ பயிற்றுநராகவோ இருக்கப் போகிறவர் என்றால் 2 ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருவது நல்லது. கேள்விகளோடு வருவார், ஆய்வுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். சான்றிதழுக்கு முதுநிலையே நுழைவுத் தகுதி என்ற துறைகளில் தாமதிப்பதால் பயனில்லை. முனைவர் பட்டம் நோக்கி ஆய்வகத்துக்குப் போகிறவரும் அடிப்படை அறிவியல் மறப்பதற்கு முன் சேர்வதே சரி.

வேறு துறையில் இளநிலை படித்தவர் சேர முடியுமா?

பல இடங்களில் முடியும். உடற்கூறியல், உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், இயக்கக் கற்றல் ஆகிய நான்கில் இணைப்புப் பாடம் முடிக்கச் சொல்வார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். உடற்கல்விக் கற்பித்தல் பிரிவில் மட்டும், ஆசிரியர் பயிற்சி இல்லாமல் முதுநிலை முடித்தாலும் பள்ளியில் கற்பிக்கும் தகுதி வராமல் போகலாம்.

பெரிய விளையாட்டு வீரராக இருந்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. சில படிப்புகளில் போட்டிச் சான்றிதழ்களுக்கு மதிப்பெண் உண்டு, செயல்திறன் தேர்வும் வைப்பார்கள். அதற்கு மேல், ஆடிய அனுபவம் உதவும், ஆனால் தான் கற்ற விதமே எல்லோரும் கற்கும் விதம் என்ற நம்பிக்கையையும் அது கொண்டுவரும். அந்த நம்பிக்கையை முதுநிலை கலைக்க வேண்டியிருக்கிறது.

முதுநிலை முடித்து வேலைக்குப் போனதும் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்களே, ஏன்?

இது உண்மை. ஆசிரியர் கல்வியில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல். பள்ளியின் நேர அட்டவணை, இருக்கும் பந்துகளின் எண்ணிக்கை, மூத்த ஆசிரியரின் வழக்கம், போட்டியில் வெல்ல வேண்டும் என்ற அழுத்தம் எல்லாம் சேர்ந்து படித்ததைக் கரைத்துவிடுகின்றன. 1982இல் இங்கிலாந்தின் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரோட் தோர்ப்பும் டேவிட் பங்கரும் முன்வைத்த, விளையாட்டைப் புரிந்து ஆடவைக்கும் கற்பித்தல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சிறிய, எளிதாக்கப்பட்ட ஆட்டம், அதில் எழும் சிக்கல், பிறகுதான் திறன் பயிற்சி. படிக்கும்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. பள்ளியில் முதல் இரண்டு வகுப்பு குழப்பமாக இருக்கும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒழுங்கு இல்லாததுபோல் தெரியும், ஆசிரியர் பயந்து வரிசைப் பயிற்சிக்கே திரும்பிவிடுவார்.

தாக்குப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் சிறிதாகத் தொடங்குகிறவர்கள். ஒரு வகுப்பு, ஒரு விளையாட்டு, 6 வாரம். தொடங்கும் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவார்கள். மேலே சொன்ன நேரக் கணக்கைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துக் காட்டுவார்கள். இந்தத் திட்டத்தைக் கடைசி செமஸ்டரிலேயே, எந்தப் பள்ளி என்று தெரிந்தோ தெரியாமலோ, எழுதச் சொல்லும் படிப்புகள் நல்ல படிப்புகள்.

விண்ணப்பிக்கும் முன் துறையிடம் என்ன கேட்பது?

கடைசியாக முடித்த ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலைக் கேளுங்கள். மாறிகள் மட்டும் மாறி, வார்ப்பு ஒன்றாகவே இருந்தால் நெறியாளர்களுக்கு மாணவரோடு உட்கார நேரமில்லை என்று பொருள். ஒரு நெறியாளருக்கு எத்தனை மாணவர், களப்பணி இடத்தைத் துறை தருகிறதா மாணவரே தேட வேண்டுமா, அங்கே மேற்பார்வையிடுபவருக்கு என்ன தகுதி, ஆய்வகக் கருவிகளை முதுநிலை மாணவர் தனியாகப் பயன்படுத்த அனுமதி உண்டா, முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். முடித்தவர் ஒருவரிடம் நேரடியாகப் பேச அனுமதித்தால் பேசுங்கள். அவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: “நீங்கள் வகுப்பு நடத்துவதையோ பயிற்சி தருவதையோ, படிப்பின் இரண்டு ஆண்டில் எத்தனை முறை ஆசிரியர் நேரில் வந்து பார்த்தார்?”

சேர்வதற்கு முன் 2 மாதம் இருக்கிறது. எதைப் படிப்பது?

விரிதாளில் சராசரி, திட்ட விலக்கம், சிதறல் படம் போடப் பழகுங்கள். உங்கள் அணியிலோ பக்கத்து மைதானத்திலோ சம்மதம் தரும் 10 பேரை, ஒரே சோதனையில், ஒரே நேரத்தில், 2 நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள். ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை √2ஆல் வகுத்தால் உங்கள் அளவைப் பிழை கிடைக்கும். 10 பேர் என்பதால் அது தோராயம்தான். அந்தத் தாளை முதல் வாரம் நெறியாளரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.